ஓசூர் எல்லையில் வண்டி வியாபாரம்

பெங்களூரை விட்டுத் தெற்கே புறப்படும் நெடுஞ்சாலை, அத்திப்பள்ளியில் கன்னட நாட்டை முடித்து ஜூஜுவாடியில் தமிழ்நாட்டைத் தொடங்கி, ஓசூரின் தொழிற்பேட்டைகளை ஊடறுத்துச் சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரியை அடைந்ததும், ஒரு கிளை சேலத்துக்கும் மற்றொரு கிளை வேலூர் மார்க்கமாகச் சென்னைக்குமாகப் பிரிந்துவிடுகிறது. இச்சாலையில் போகிறவர்கள், பழைய கார்களை வரிசையாக நிறுத்தி ‘கார் கன்சல்டிங்’ என்று பலகை மாட்டிய கடைகளைக் கண்டிருப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை யோக்கியமான கடைகளே. இடத்துக்கு வாடகையும் முதலுக்கு வட்டியும் கட்டிச் சொற்ப லாபத்தில் பிழைக்கிறவர்களே அதிகம். ஆயினும் பழைய வண்டி வியாபாரத்தில் நிகழும் மோசடிக்கு ஒரு விசேஷ லட்சணம் உண்டு: அது ஒருமுறையோடு நிற்பதில்லை. முதல் புகார் போலீஸ் நிலையத்துக்கு வந்து, விசாரணை தொடங்கி, குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நியாயஸ்தலத்தில் தீர்ப்பு வருவதற்குள் வருஷங்கள் கழிந்துவிட, அந்த இடைக்காலம் முழுவதும் அதே கடையில் அதே மனிதர் அடுத்த வாடிக்கைக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டிருக்க முடிகிறது. இந்த இடைவெளியை அடைக்க நம் சர்க்கார்கள் என்னென்ன உபாயங்களைக் கையாண்டன, அவற்றுள் எது ஏன் பொருந்தாமற்போயிற்று என்பதைச் சொல்லப் புகுந்தால், மோட்டார் வண்டிக்கு முந்திய காலத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

ஓசூர்ச் சீமை முன்னாளில் பிராணி வியாபாரத்துக்குப் பேர்போனது. மத்திகிரியில் இன்று அரசாங்கக் கால்நடைப் பண்ணையாக விளங்கும் விஸ்தாரமான நிலம், 1824ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் குதிரைப் படைக்குக் குதிரை வளர்க்க ஏற்பட்ட ஸ்தாபனத்தின் வழிவந்தது. காவிரிக் கரைக் காடுகளை ஒட்டி மேய்ந்த ஆலம்பாடி மாடுகளோ உழவுக்கும் பாரவண்டிக்கும் உகந்தவை என்று பெயரெடுத்தவை. போச்சம்பள்ளி முதலான வாரச் சந்தைகளில் மாட்டு வியாபாரம் தரகர் மூலமாகவே நடந்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு அதன் மறைவில் விரலைத் தொட்டு விலை பேசும் அந்தச் சம்பிரதாயத்தில், வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவரையொருவர் நம்பியதைவிட நடுவில் நின்ற தரகரை நம்பியதே அதிகம். ஏமாற்று இல்லாமலில்லை, கொம்பைச் சீவி வயதைக் குறைத்துக் காட்டுவதும், வேறொரு பசுவின் இளங்கன்றைப் பக்கத்தில் கட்டி, புதிதாய் ஈன்றது என்று சாதிப்பதும் அக்காலத்து வித்தைகள். ஆனால் ஏமாந்தவர் மறுவாரமே அதே சந்தைக்கு வந்து நாலு பேர் காதில் விழும்படி முறையிட்டால், மற்ற வியாபாரிகள் அந்தத் தரகரின் துண்டுக்குள் கை நுழைக்கத் தயங்குவார்கள்; வழக்கு ஏதும் தொடுக்காமலே அவருடைய தொழில் சில வாரங்களில் படுத்துவிடும். ஊரார் வாய்மொழியாகக் கொடுத்த அனுமதியை ஊராரே திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்று இதைச் சொல்லலாம். சந்தை சிறியது, முகங்கள் தெரிந்தவை என்பதால் சாத்தியமான ஏற்பாடு அது.

களவு போன மாட்டை மீட்பதில் மட்டும் இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்று தென் ஜில்லாக்களில் வேரூன்றியிருந்தது. மாட்டைப் பறிகொடுத்தவர் போலீஸாரிடம் போகாமல், விவரம் தெரிந்த ஒருவர் மூலமாகத் ‘துப்புக்கூலி’ என்று ஒரு தொகையைக் கொடுத்துத் தம் மாட்டைத் தாமே மீட்டுக்கொள்வார். மாடு கிடைத்த திருப்தியில் அவர் ஓய்ந்துவிடுவார். கொடுத்த தொகையோ அடுத்த களவுக்கு ஊக்கமாகிவிடும். இந்த விஷயத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளும்படி வேண்டுகிறேன். கார் கடைப் புகார்களில் இது வேறொரு வேஷத்தில் மீண்டும் வரப்போகிறது.

எல்லைக்கோட்டின் கதையும் பழையதுதான். 1792இல் திப்பு சுல்தானோடு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செய்துகொண்ட உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் வசமாகி, அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து தீர்வை விதித்துக்கொண்டிருந்த காலத்தில், ஓசூர் இன்னும் மைசூரைச் சேர்ந்ததாகவே இருந்தது. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகே அது சேலம் ஜில்லாவோடு இணைந்தது. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அத்திப்பள்ளிக்கு அப்பால் இருந்தது ஒரு சுதேச சமஸ்தானம். அந்தச் சமஸ்தானத்துக்குள்ளேயே, தமிழர்கள் ‘தண்டு’ என்று வழங்கிய பெங்களூர்ப் பாளையப் பகுதி 1947 வரையில் ஆங்கிலேயர் நிர்வாகத்தில் தனித்து நின்றது. ஆக, ஓசூரில் ஒருவரை ஏமாற்றிவிட்டு ஏறக்குறைய இருபத்தைந்து கல் வடக்கே போகிறவன் இரண்டு அதிகாரங்களின் எல்லையைக் கடந்துவிடுவான். அவனைத் திரும்பக் கொண்டுவரவோ ஆங்கிலேய ரெசிடெண்டு மூலமாகக் கடிதப் போக்குவரத்து நடந்தாக வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் எல்லைக்கு இருபுறமும் ஒரே தண்டனைச் சட்டம், ஒரே நடைமுறைச் சட்டம் வந்துவிட்டன. ஆயினும் காவல் நிலையங்களின் பாஷையும் பதிவேடும் மேலதிகாரிகளும் வெவ்வேறாகவே இருப்பதால், எல்லை தாண்டியவனைத் தொடர்வதில் உள்ள சுணக்கம் முற்றும் ஒழிந்துவிடவில்லை.

குற்றம் நிகழ்ந்த பின் தண்டிப்பது ஒன்று. மறுபடி நிகழாதபடி முன்கூட்டித் தடுப்பது வேறொன்று. இரண்டாவதற்கான அதிகாரம் ஆங்கிலேயர் காலத்திலேயே சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. 1898ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டம், 110ஆம் பிரிவில், வழக்கமாகத் திருடுகிறவர்களையும் களவுப் பொருளை வாங்குகிறவர்களையும் மட்டுமன்றி வழக்கமாக வஞ்சிக்கிறவர்களையும் சேர்த்தே கூறி, அவர்களிடமிருந்து மூன்று ஆண்டு வரையில் நன்னடத்தைக்குப் பிணைமுறி எழுதி வாங்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் அளித்தது. எழுத்தில் பார்த்தால் இது நம் விஷயத்துக்கென்றே தைத்த சட்டைபோல இருக்கிறது. ஆனால் அதைப் போலீஸார் யாருக்கு அணிவித்தார்கள் என்று பார்க்கும்போதுதான் அக்காலத்து அதிகார மனோபாவம் விளங்குகிறது. நிலையங்களில் கேடிகளின் பதிவேடு வைத்து இரவில் கதவைத் தட்டி இருக்கிறானா என்று சரிபார்த்தது, வீடற்றவர்களையும் நாடோடிகளையும் குறித்தே. 1911இன் குற்றப்பரம்பரைச் சட்டமோ ஒருபடி மேலே போய், உப்பும் தானியமும் மாட்டின் மேல் ஏற்றி ஊர் ஊராக விற்ற குலங்களையும் சேர்த்துப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கிவிட்டது. சென்னை ராஜதானியில் அச்சட்டம் 1947இல் ஒழிக்கப்பட்டு, மறுவருஷமே பழக்கக் குற்றவாளிகளுக்கான சட்டம் ஒன்று அதனிடத்தில் அமர்ந்தது. இத்தனை கண்காணிப்புக்கும் இடையில், மேசை போட்டு ரசீது எழுதி வஞ்சிக்கிறவன் ஒருவனும் அந்தப் பதிவேட்டில் ஏறும் நிலைமை எளிதில் வாய்க்கவில்லை. முன்கூட்டித் தடுக்கும் யந்திரம் ஏழையின் நடமாட்டத்தை வேவு பார்க்கச் செய்யப்பட்டதேயன்றி, கடைக்காரரின் கணக்கைப் பார்க்கச் செய்யப்பட்டதன்று என்பது என் அபிப்பிராயம்.

மோட்டார் வந்தபோது அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. 1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வண்டிச் சட்டம் வண்டிக்குப் பதிவையும் ஓட்டுகிறவருக்கு உரிமத்தையும் கட்டாயமாக்கியது. 1939ஆம் ஆண்டின் சட்டம் அதை விரித்து எழுதியது. வண்டிக்கு நம்பர், ஓட்டுநருக்கு லைசென்ஸ், பஸ்ஸுக்கும் லாரிக்கும் பர்மிட் என்று சகலத்தையும் சீட்டில் அடக்கிய இச்சட்டங்கள், பழைய வண்டியை வாங்கி விற்கிற தரகரைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. புதிய வண்டி விற்கிறவருக்காவது பதிவாகாத வண்டியைச் சாலையில் ஓட்டிக் காட்டுவதற்கு வியாபாரச் சான்று ஒன்று வேண்டியிருந்தது. பழைய வண்டி விற்கிறவருக்கு அதுவும் தேவைப்படவில்லை. கள்ளுக்கடைக்கும் சினிமாக் கொட்டகைக்கும் உரிமம் கேட்ட நாட்டில், ஒரு குடும்பத்தின் பல வருஷச் சேமிப்பை ஒரே மாலையில் கைமாற்றும் தொழிலுக்கு எந்த உரிமமும் கேட்கப்படாமலிருந்தது ஆச்சரியமே. ஒருவேளை அன்றைய சட்டம் எழுதியவர்கள் காரை மிராசுதாரரின் உடைமையாகவே கண்டார்கள் போலும்; கைமாறிக் கைமாறிச் சாமானியர் வீட்டு வாசலுக்கு வரும் சரக்காக அவர்கள் அதைக் கருதவில்லை.

அதே 1939இல்தான் சென்னை ராஜதானியில் பொது விற்பனை வரி பிறந்தது. அதைக் கொண்டுவந்த, ராஜதானியின் அன்றைய பிரதமர் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, ஓசூரிலிருந்து சில கல் தூரமே. விற்பனை வரி மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடலாயிற்று. வேறுபட்டதும் எல்லைக்கு ஒரு விலை உண்டாயிற்று. பிற்காலத்தில் ஜூஜுவாடிச் சோதனைச்சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்றதற்கும், ஒரே சரக்குக்கு இரண்டு விதமான பட்டியல்கள் எழுதப்பட்டதற்கும் மூலம் இந்த வித்தியாசமே. காருக்கோ விற்பனை வரியோடு சாலை வரியும் சேர்ந்துகொண்டது. வேறு மாநிலத்தில் வாங்கிய வண்டியை இங்கே கொண்டுவந்து பதிவு செய்கிறவர்களைக் குறித்துத் தமிழ்நாடு 1990இல் மோட்டார் வண்டி நுழைவு வரிச் சட்டம் ஒன்றையே இயற்றியது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரி வந்து சாவடிகள் எடுபட்டபோதிலும், சாலை வரி மாநிலங்களிடமே நின்றுவிட்டது. ஆகவே வண்டியின் நம்பர் பலகை எந்த மாநிலத்தது என்பது இன்றும் பணப் பிரச்சனையாகவே இருக்கிறது. வரியைக் குறைப்பதற்காகப் புதுச்சேரியில் பொய் விலாசம் காட்டி ஆடம்பரக் கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017இல் கேரளத்தில் பெரும் சர்ச்சையாக வெடித்ததைப் பத்திரிகை படிப்பவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஓசூர் தொழில் நகரமாகத் தொடங்கியது 1970களில். 1971இல் ஏற்பட்ட சிப்காட் ஸ்தாபனம் இங்கே நிலத்தை எடுத்துத் தொழிற்பேட்டை அமைக்க, 1980இல் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் டி.வி.எஸ். 50 மொபெட்டும், பின்னர் டைட்டன் கடிகாரமும் வந்தன; அண்மையில் மின்சார ஸ்கூட்டர்த் தொழிற்சாலைகள் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் எழுந்துள்ளன. சேலத்திலிருந்து 1965இல் தர்மபுரியும், தர்மபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. வண்டியைச் செய்கிற ஊருக்கு, வண்டி வாங்கும் சக்தியுள்ள ஜனங்களும் நான்கு திசையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். சந்தைக் காலத்தில் இருந்த முகப்பழக்கம் இவர்களுக்குள் இல்லை. பக்கத்து வீட்டார் திருநெல்வேலியா ஒரிசாவா என்பதே பலருக்குத் தெரியாது. புதிய காருக்கு 1959இன் மோட்டார் கார் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையின்படி பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த யுகம், 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகு மெல்ல மெல்ல மறைந்தது. புதிய கார் பெருகியதால் பழைய காரும் பெருகியது. பெங்களூரில் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வண்டி மாற்றும் சம்பளக்காரர்கள் பெருகவே, அவர்கள் கழித்த வண்டிகள் எல்லை தாண்டி ஓசூர்க் கடைகளில் வந்து நின்றன.

இத்தொழிலில் மோசடி எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டப்படி, வண்டியை விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் பதினான்கு நாளுக்குள் அறிவிக்க வேண்டும். வாங்கியவர் முப்பது நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். அதற்கான படிவங்கள் 29, 30. வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28இல் மனுப்போட்டு என்.ஓ.சி. வாங்க வேண்டும், கடன் மீதம் இருந்தால் கடன் கொடுத்தவர் படிவம் 35இல் கையெழுத்திட வேண்டும். நடைமுறையிலோ, விற்கிறவர் தேதியும் வாங்குபவர் பெயரும் எழுதாத 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டு ஆர்.சி. புத்தகத்தோடு கன்சல்டிங்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். கடைக்காரர் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வதில்லை. மாற்றினால் கட்டணமும் ஆகும், ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கை ஒன்று ஏறி விலையும் இறங்கும். இப்படி, சட்டத்தின் கண்ணில் ஒருபோதும் உடைமையாளராகாத ஒருவர் கையில் முப்பது நாற்பது வண்டிகள் நிற்கின்றன. யோக்கியமானவர் கையில் இது வெறும் சௌகரியம். மற்றவர் கையிலோ, ஒரே வண்டிக்கு மூன்று பேரிடம் டோக்கன் அட்வான்ஸ் வாங்குவதற்கும், ‘உங்கள் ஃபைனான்ஸை நான் அடைத்துவிடுகிறேன்’ என்று வண்டியை வாங்கிக்கொண்டு தவணை கட்டாமல் விடுவதற்கும், என்.ஓ.சி. வருகிறது வருகிறது என்று கர்நாடகப் பலகையோடே வண்டியை மாதக்கணக்கில் ஓட்டச் செய்வதற்கும் அது வாசலைத் திறந்துவிடுகிறது. கம்பெனிக்கு மாத வாடகைக்கு ஓட்டுகிறோம் என்று சொந்தக்காரர்களிடம் கார்களை வாங்கி, முதலிரண்டு மாதம் வாடகையை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, பின் அவற்றை வெளியூரில் அடமானம் வைத்துவிடும் புகார்களும் தமிழ்நாட்டில் பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன.

இவ்விவகாரங்களில் நஷ்டப்படுகிறவர்கள் பெரும்பாலும் இருவர், இருவருமே நிரபராதிகள். வண்டியைக் கொடுத்துப் பணம் பெறாதவர் ஒருவர். பணத்தைக் கொடுத்து வண்டியின் உரிமை பெறாதவர் மற்றொருவர். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் பிறனுக்கு மாற்ற முடியாது என்பது 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொதுவிதி. ஆனால் உடைமையாளரின் சம்மதத்தோடு சரக்கை வைத்திருக்கும் வியாபார முகவர், தம் தொழிலின் வழக்கப்படி, நல்லெண்ணத்தோடு வாங்குகிறவருக்கு விற்றால் அந்த விற்பனை செல்லும் என்று அதே பிரிவு விலக்கும் வைத்திருக்கிறது. பெயர் மாற்றாமல் விட்ட பழைய ஓனருக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. பல கை மாறிச் சென்ற கார் ஒன்று 2009இல் விபத்துக்குள்ளான வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரியில், பதிவேட்டில் யார் பெயர் நிற்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்தவர்களுக்கு அத்தீர்ப்பு ஒரு பேரிடி.

இனிப் புகார் கொடுத்த பின் நடப்பது. ஏமாந்தவர் நிலையத்துக்குப் போனதும் அநேகமாக அவர் கைக்கு வருவது, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான். வியாபாரக் கொடுக்கல் வாங்கலில் எழும் புகார்களில், முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட்டே 2013 நவம்பரில் இடம் கொடுத்திருக்கிறது. ஏழாண்டு வரையில் தண்டனையுள்ள குற்றங்களுக்கு அவசியமின்றிக் கைது செய்யலாகாது என்று 2014 ஜூலையில் வந்த மற்றொரு தீர்ப்பு, உச்ச தண்டனை ஏழாண்டேயான மோசடிக் குற்றத்துக்கு முழுமையாகப் பொருந்துகிறது. இரண்டும் நியாயமான தீர்ப்புகளே. கடனைத் திருப்பாதவனையெல்லாம் லாக்கப்பில் தள்ளி வசூல் பண்ணும் துர்ப்பழக்கம் எத்தனை குடும்பங்களைச் சீரழித்தது என்பதை அறிந்தவர் எவரும் அவற்றைக் குறை சொல்லமாட்டார். எனினும் குற்றம் சாட்டப்பட்டவர் வெளியில் இருக்கும் காலம் நீண்டுவிட்டது என்பதும் உண்மை. இந்த இடைக்காலத்தில் கடையைப் பூட்டப் போலீஸாருக்கு அதிகாரம் இல்லை. வண்டிகளைக் கைப்பற்றலாம், பாங்குக் கணக்கை முடக்கலாம், அவ்வளவே. கைப்பற்றிய வண்டிகளும் நிலைய வாசலில் துருப்பிடித்துப் புதர் மண்டிக் கிடந்ததால், அவற்றை அதிக நாள் அங்கே போட்டுவைக்கலாகாது என்று 2002இல் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட நேர்ந்தது.

இங்கேதான் துப்புக்கூலி தன் புது வேஷத்தில் வருகிறது. ‘கேஸ் போட்டால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும், பேசி முடித்துக்கொள்ளுங்கள்’ என்று நிலையத்திலோ அதன் எதிரிலுள்ள டீக்கடையிலோ நல்லெண்ணத்தோடு யாராவது ஒருவர் சொல்லுவார். கடைக்காரர் பத்து நாள் தவணை கேட்பார். பத்தாம் நாள் பாதித் தொகையைக் கொடுத்தும்விடுவார். புகார்தாரர், கிடைத்தவரை லாபம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பாதித் தொகை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அது பெரும்பாலும் அந்தப் பத்து நாளில் புதிதாக ஒருவர் கொடுத்த முன்பணம். சமரசம் ஒரு வழக்கை முடிக்கிறது; அந்த முடிவே அடுத்த வழக்கைப் பிறப்பிக்கிறது. தொடர் மோசடியைத் தடுப்பது பற்றிப் பேசுகிறவர்கள் தண்டனையின் கடுமையைப் பற்றியே பேசுகிறார்கள். விசாரணைக் காலத்துச் சமரசப் பணத்தின் ஊற்றுக்கண்ணைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை என்பதே என் முக்கியமான ஆட்சேபம்.

சட்டத்தின் உபாயங்களைப் பார்ப்போம். ஜாமீனில் விடும்போது, இதே போன்ற குற்றத்தை மீண்டும் செய்யலாகாது என்று நிபந்தனை விதிக்க 1973ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 437ஆம் பிரிவு வழிசெய்தது. மீறினால் ஜாமீனை ரத்து செய்யும்படி கேட்கலாம். ஆனால் கைதே இல்லாத இடத்தில் ஜாமீனும் இல்லை, நிபந்தனையும் இல்லை. பழைய 110ஆம் பிரிவு அந்த 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்ந்தது. அதைப் பிரயோகிக்கும் அதிகாரத்தைப் போலீஸ் துணை ஆணையர்களுக்கே தமிழ்நாட்டு அரசு கொடுத்திருந்ததை, குற்றம் சாட்டுகிறவரே நீதிபதியாக அமரலாகாது என்ற தத்துவத்தின்மேல் சென்னை ஹைக்கோர்ட்டு 2023 மார்ச்சில் செல்லாது என்று ஆக்கியது. 1982ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டமோ ஓராண்டு வரையில் விசாரணையின்றி அடைக்க இடம் தருகிறது. தண்டனைச் சட்டத்தில் பொருள் சம்பந்தமான குற்றங்களைக் கூறும் அத்தியாயம் அதன் வரையறைக்குள் வருவதால் மோசடிக்காரர்மேலும் அதை ஏவ முடியும். ஆனால் தெலங்கானாவின் இதேவிதமான சட்டத்தின் கீழ், பலமுறை பணம் வாங்கி ஏமாற்றியதாகச் சொல்லப்பட்ட ஒருவரை அடைத்த வழக்கில், 2021 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, தனி மனிதரை வஞ்சிப்பதால் பொது அமைதி குலைந்துவிடாது, சர்க்கார் வேண்டுமானால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கட்டும் என்று கூறி அவரை விடுவித்தது. நானும் இதை வரவேற்கிறேன். வேவுப் பதிவேட்டின் பழைய புத்தி குண்டர் சட்டத்தின் ரூபத்தில் திரும்புவதை இச்சீமை மறுபடி காண வேண்டியதில்லை.

சொத்தைப் பிடித்துவைக்கும் மார்க்கம் ஒன்று உண்டு. 1990களில் நிதி நிறுவனங்கள் வரிசையாக மூழ்கியபோது, தமிழ்நாடு 1997இல் வைப்பாளர் நலன் காக்கும் சட்டத்தை இயற்றி, தீர்ப்புக்கு முன்னரே நிறுவனத்தின் சொத்தை ஜப்தி செய்ய வழிவகுத்தது. 2011இல் சுப்ரீம் கோர்ட்டும் அச்சட்டம் செல்லும் என்றது. பெருந்துறைப் பக்கத்தில் ஈமுக் கோழிப் பண்ணைகளில் பணம் போட்டவர்கள் 2012க்குப் பின் நாடியது அச்சட்டத்தையே. அது வைப்புத்தொகை வாங்கும் நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதியது. கார் கடையின் டோக்கன் அட்வான்ஸ் அதன் கண்ணில் பட எழுதியதன்று. குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107ஆம் பிரிவு இக்குறையை ஓரளவு தீர்க்கிறது. எந்தக் குற்றத்தால் வந்த சொத்தானாலும், விசாரணை அதிகாரி தம் மேலதிகாரியின் அனுமதியோடு கோர்ட்டில் மனுச் செய்து ஜப்தி கேட்கலாம். பிறகு கலெக்டர் அதைப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். டீக்கடைச் சமரசத்தில் புதியவரின் பணம் பழையவருக்குப் போவதைத் தடுக்க வல்லது இதுவே. ஆனால் இதற்கு விசாரணை அதிகாரி கணக்குப் புத்தகம் படிக்கிறவராக இருக்க வேண்டும். நிலையங்களில் அதற்கு நேரம் கிடைப்பது அருமை. தொகை பெரிதானால்தான் மாவட்டக் குற்றப் பிரிவுக்கு வழக்கு போகிறது.

எல்லாவற்றையும்விட எளிய உபாயம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2022 டிசம்பர் 22இல் வெளியிட்ட திருத்த விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலாயின. அவற்றின்படி பழைய வண்டி வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும். அது ஐந்தாண்டு செல்லும். வண்டியைக் கடையில் ஒப்படைத்ததும் சொந்தக்காரரும் வியாபாரியும் இணைய வாயிலில் அறிவிக்க, அந்த நிமிஷத்திலிருந்து வியாபாரியே உடைமையாளராகக் கருதப்படுவார். அவர் வண்டியை வாடிக்கைக்காரருக்கு ஓட்டிக் காட்டுவது, பழுது பார்ப்பது, வர்ணம் பூசுவது போன்ற குறிப்பிட்ட காரியங்களுக்கு மட்டுமே எடுக்கலாம். போய்வந்த பயணமெல்லாம் மின்னணுப் பதிவேட்டில் ஏற வேண்டும். விதியை மீறினால் அங்கீகாரத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ பதிவு அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. 1914இல் செய்திருக்க வேண்டியதை நூற்றெட்டு வருஷம் கழித்துச் செய்திருக்கிறார்கள். குற்றம் நிரூபணமாகும்வரை ஒருவரைச் சிறையில் வைப்பது அநீதி. ஆனால் கணக்கில் காட்டாத வண்டியை விற்றார் என்பது பதிவேட்டைப் புரட்டிய மாத்திரத்தில் தெரியும் விஷயம், அதற்காக அவருடைய அனுமதியை நிறுத்திவைக்கத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. துண்டுக்குள் கை நுழைக்க மறுத்த சந்தைக்காரர்கள் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான். போலீஸ் நிலையத்திலிருந்து ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு கடிதம் போனால் போதும், சி.எஸ்.ஆர். ரசீது எழுதும் அன்றே அந்தக் கடிதமும் போகலாம் என்று நான் சொல்லுவேன்.

விதி வந்துவிட்டது என்பதால் வழக்கம் வந்துவிடவில்லை. ‘அங்கீகாரம் இருக்கிறதா?’ என்று கேட்டு வாங்குகிற வாடிக்கைக்காரர் அபூர்வம். டயரும் மைலேஜும் விசாரித்த பிறகு அவர் கேட்கும் அடுத்த கேள்வி விலைதான். அதோடு, ஓசூரில் அங்கீகாரம் வழங்குகிறவர் தமிழ்நாட்டுப் பதிவு அதிகாரி, அத்திப்பள்ளிக்கு அப்பால் வழங்குகிறவர் கர்நாடகத்தவர். இங்கே அனுமதி இழந்தவர் அங்கே தம் சொந்தப் பெயரில் மனுப்போட்டால் இணையப் பதிவேட்டில் அகப்பட்டுக்கொள்ளக்கூடும். மைத்துனர் பெயரில் போட்டால், ஓசூர் நிலையத்து எழுத்தரும் அத்திப்பள்ளி நிலையத்து எழுத்தரும் ஒருவரோடொருவர் தொலைபேசியில் பேசிக்கொள்வதைத் தவிர அதைக் கண்டுபிடிக்க இப்போதைக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.